தாத்தா லயல்பூர் என்றால் பூர்வீகமும் லயல்பூர்தானா? ஒரு பஞ்சாபி சீக்கியக் குடும்பத்தின் வேரைத் தேடும் வழி

கேள்வி இதுதான். கேட்டவர் சென்னைத் தமிழ்ப் பெண். கணவர் சீக்கியர், அவர் குடும்பம் 1950களில் சென்னைக்கு வந்தது. கணவரின் தாத்தா "லயல்பூர்க்காரர்" (லயல்பூர் இன்று பாகிஸ்தானின் பைசலாபாத்), ஊர்ப் பெயர் "சக்" என்று தொடங்கி ஏதோ ஓர் எண்ணோடு வரும், அவ்வளவுதான் வீட்டில் தெரியும். பெரியவர்கள் பஞ்சாபியும் இந்தியும் கலந்து பேசுகிறார்கள், பத்து வயது மகளுக்குத் தமிழும் ஆங்கிலமும்தான். பூர்வீக ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது, டி.என்.ஏ. சோதனை உதவுமா, பஞ்சாபி தெரியாத மகளைச் சீக்கியர் என்று சொல்லலாமா என்று கேட்டிருக்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாராளமாகச் சொல்லலாம். 1945-இல் இறுதி வடிவம் பெற்ற சீக்கிய நடைமுறை நெறியான ரஹித் மரியாதா, சீக்கியர் யார் என்று வரையறுக்கிறது: காலம் கடந்த ஒரே இறைவனான அகால் புருஷையும், குரு நானக் முதல் குரு கோபிந்த் சிங் வரையான பத்து குருமாரையும், குரு கிரந்த் சாஹிபையும், குருமாரின் வாக்கையும், பத்தாம் குரு தந்த அமிர்த தீட்சையையும் நம்பி, வேறு மதத்தைச் சாராதவர். இந்த வரையறையில் மொழி இல்லை, மாநிலம் இல்லை, அப்பா பெயரும் இல்லை. 1699-இல் ஆனந்த்பூரில் அமிர்த தீட்சை பெற்றவர்களின் அமைப்பான கால்சா தொடங்கியபோது முதலில் தலை கொடுக்க எழுந்த ஐவரின் ஊர்களாக மரபு சொல்பவை லாகூர், ஹஸ்தினாபூர், ஜகந்நாத் புரி, துவாரகை, பீதர். ஐந்தில் பஞ்சாப் ஊர் ஒன்றுதான். அஸ்ஸாமின் நகாவ் மாவட்டத்தில் பர்கோலா பக்கம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே வாழும் சீக்கியர்களுக்கு வீட்டு மொழி அசாமியம். பஞ்சாபை ஆண்ட சீக்கிய மன்னர் ரஞ்சித் சிங் காலத்தில் ஹைதராபாத் நிஜாமிடம் போன படையினரின் வழிவந்தவர்கள் ஹைதராபாத்தில் இருக்கிறார்கள், தக்கணிச் சீக்கியர் என்று பெயர். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் தலைப்பாகையோடு போட்டியிட்டவர்களில் தமிழர்களும் உண்டு. மகளைப் பற்றி அந்தக் கவலை வேண்டாம்.

மறுபக்கமும் அப்படித்தான். பஞ்சாபி பேசுகிறவரெல்லாம் சீக்கியர் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கில் இந்தியாவில் பஞ்சாபியைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் 3.31 கோடி, சீக்கியர்கள் 2.08 கோடி. ஆகக் குறைந்தது 1.2 கோடிப் பேர் சீக்கியரல்லாத பஞ்சாபியர். எல்லைக்கு அப்பால் பாகிஸ்தானில் எட்டரைக் கோடிக்கும் மேல், ஏறக்குறைய எல்லோருமே முஸ்லிம்கள். பஞ்சாப் மாநிலத்திலேயே சீக்கியர் 57.69 விழுக்காடு, இந்துக்கள் 38.49 விழுக்காடு.

வேரைத் தேடப் போகிறவர் இதை ஏன் முதலில் மனத்தில் வைக்க வேண்டும் என்றால், மொழி, மதம், குலம் மூன்றும் ஒரே கயிறு என்று நம்பித் தேடுகிறவர்கள்தான் பெரும்பாலும் வழி தவறுகிறார்கள். "சீக்கியர், ஆகவே பஞ்சாபி, ஆகவே ஜாட், ஆகவே நிலக்காரர்" என்று ஒரு சங்கிலியைப் பின்னிக்கொண்டு தவறான ஆவணத்தில் மாதக்கணக்காகத் தேடுவார்கள். (ஜாட் என்பது பஞ்சாபின் பெரிய உழவர் சமூகம்.) மன்மோகன் சிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்தது இன்று பாகிஸ்தானின் சக்வால் மாவட்டத்தில் இருக்கும் காஹ் என்ற ஊர்; குடும்பம் கோலி என்ற குலப்பெயர் கொண்ட கத்ரி, அதாவது வணிகச் சமூகக் குடும்பம். சீக்கியர், பஞ்சாபி, ஆனால் ஜாட் இல்லை. கத்ரி, அரோரா, ராம்கடியா, சைனி, லுபானா, ராம்தாசியா, மஜபி என்று ஒவ்வொரு சமூகத்தின் தடயமும் வேறு வேறு ஏட்டில் இருக்கிறது. பத்து குருமாரும்கூட கத்ரிகள்தாம்: நானக் பேடி, அங்கத் திரேஹன், அமர்தாஸ் பல்லா, நான்காம் குரு ராம்தாஸ் முதல் மற்ற எழுவரும் சோடி.

ஆகவே வீட்டில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "தாத்தா நிலம் வைத்திருந்தாரா, கடை வைத்திருந்தாரா, கைத்தொழிலா?" என்பது. அடுத்து கோத் என்ன என்பது. கோத் என்பது தந்தைவழி வரும் குலப்பெயர். சந்து, கில், தில்லோன், பாஜ்வா, விர்க், சேத்தி, கோலி என்பன மாதிரி. சிங், கௌர் இரண்டையும் வைத்துக்கொண்டு எதையும் தேட முடியாது; அவை கோடிக்கணக்கானவர்களின் பெயர். பெயரின் கடைசியில் வருவது எப்போதும் கோத்தாகவும் இருக்காது. பலர் ஊர்ப்பெயரைச் சேர்த்துக்கொள்வார்கள். முன்னாள் முதல்வர் பிரகாஷ் சிங் பாதலின் "பாதல்" ஊர்ப்பெயர், கோத் தில்லோன். உங்கள் கணவரின் பெயருக்குப் பின்னால் ஏதாவது இருந்தால் அது ஊரா, கோத்தா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

கோத் மதத்தையும் காட்டாது. பாஜ்வா, சீமா, விர்க், வடைச் எல்லாம் பாகிஸ்தானில் முஸ்லிம் குடும்பங்களுக்கும் உண்டு, இந்தப் பக்கம் சீக்கியர்களுக்கும் உண்டு. ராவல்பிண்டி, ஜேலம் பக்கத்துக் கத்ரி, அரோரா இந்துக் குடும்பங்களில் மூத்த மகனைக் கேசதாரி, அதாவது முடி வெட்டாத சீக்கியராக வளர்க்கும் வழக்கம் பரவலாக இருந்தது. அதனால் தாத்தா "சிங்" என்றால் அவருடைய தம்பி "லால்" என்றோ "சந்த்" என்றோ இருந்திருக்கலாம். தாத்தாவின் பெயரோடு நிற்காமல் அவருடைய அண்ணன் தம்பி, சித்தப்பா பெரியப்பா பெயர்களையும் தேடினால்தான் பல குடும்பங்களுக்குக் கதவு திறக்கும்.

சீக்கிய நெறி குலப் பெருமையை ஏற்பதில்லை. அமிர்தம் எடுக்கிறவர் விட்டொழிக்க வேண்டியவற்றில் பழைய குலத்தின் கட்டும் ஒன்று என்று மரபு சொல்கிறது. சாதி, கோத் பாராமல் திருமணம் செய்ய வேண்டும் என்றுதான் ரஹித் மரியாதாவும் சொல்கிறது. நடைமுறையில் கோத் மறையவில்லை. கல்யாணப் பேச்சில் அப்பாவின் கோத், அம்மாவின் கோத் இரண்டையும் தவிர்த்துப் பார்ப்பது இன்றும் உண்டு, ஆகவே குடும்பத்தில் யாருக்காவது அது நிச்சயம் ஞாபகம் இருக்கும். வேர் தேடுவதற்குக் கோத்தைப் பயன்படுத்தலாம். அதை வைத்து மகளுக்கு ஒரு படிநிலையைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம், அது குருமாரின் போதனைக்கே எதிரானது.

இப்போது லயல்பூர். தாத்தா லயல்பூர் என்றால் குடும்பத்துக்குப் பெரும்பாலும் மூன்று ஊர் இருக்கும்: மூல ஊர், கால்வாய்க் குடியேற்ற ஊர், பிரிவினைக்குப் பின் ஒதுக்கிய ஊர். தேடுகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

ராவிக்கும் செனாபுக்கும் நடுவே இருந்த மேட்டுப் புதர்க்காடு சாந்தல் பார். 1892 முதல் கீழ்ச் செனாப் கால்வாய்த் தண்ணீர் அங்கே பாய்ந்தது. நெரிசலான நடுப் பஞ்சாப் மாவட்டங்களிலிருந்து, அதாவது ஜலந்தர், ஹோஷியார்பூர், லூதியானா, அமிர்தசரஸ், குர்தாஸ்பூர், சியால்கோட் போன்றவற்றிலிருந்து, ஆங்கில அரசு விவசாயிகளைத் தேர்ந்தெடுத்துக் கூட்டிப்போய் நிலம் கொடுத்தது. அப்படி அளந்து போட்ட ஊர்கள்தாம் சக்குகள். நகரத்துக்கு ஜேம்ஸ் லயல் என்ற ஆளுநரின் பெயர் வந்தது. 1970களில் பைசலாபாத் ஆனது. அங்கே வாழ்ந்த சீக்கிய நிலக்காரர் குடும்பங்களில் மிகப் பல 1947-இல் அந்த மண்ணில் ஐம்பது ஐம்பத்தைந்து வருடம்தான் இருந்தவை.

பகத் சிங்கின் குடும்பம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவர் 1907-இல் பிறந்தது லயல்பூர் மாவட்டத்து ஜடான்வாலா வட்டத்தில் சக் 105 ஜி.பி., பங்கா. மூதாதையர் ஊர் ஜலந்தர் பக்கத்துக் கட்கர் கலான். கட்கர் கலானுக்குப் பக்கத்திலேயே இன்னொரு பங்கா இருக்கிறது. குடியேறியவர்கள் பழைய ஊர்ப் பெயரைப் புது ஊருக்கு வைப்பது சாதாரணம், ஆகவே சக்கின் எண்ணோடு ஒரு பெயரும் வீட்டில் சொல்லப்பட்டால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். அந்தப் பெயரில் நடுப் பஞ்சாபில் ஊர் இருக்கிறதா என்று பாருங்கள், மூல ஊர் அதுவாகவே இருக்கலாம்.

சக் எண்ணில் எழுத்து முக்கியம். ஜி.பி. என்றால் கூகேரா கிளைக் கால்வாய், ஜே.பி. என்றால் ஜங் கிளை, ஆர்.பி. என்றால் ரக் கிளை. எண் மட்டும் இருந்து எழுத்து இல்லையென்றால் ஊர் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒரே எண் வேறு எழுத்தோடும் வரும், நடுவில் பல மைல் தூரம் இருக்கும். இன்னொரு பொறி: சக் என்றாலே பாகிஸ்தான் இல்லை. 1927-இல் திறந்த கங்கா கால்வாய்ப் பாசனத்தில் வரும் ராஜஸ்தானின் ஸ்ரீகங்காநகர் பக்கமும் ஊர்களுக்குச் சக் என்றுதான் பெயர். பிரிவினைக்கு முன்பே சீக்கிய விவசாயிகள் அங்கேயும் குடியேறியிருந்தார்கள்.

மூன்றாவது ஊர் 1947-க்குப் பின் ஒதுக்கப்பட்டது. அகதிகளாக வந்த நிலக்காரர்கள் விட்டுவந்த நிலத்துக்குக் கோரிக்கை கொடுத்தார்கள். அதை அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஜமாபந்தி நகல்களோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள். இந்த ஜமாபந்தி நம் ஊர்த் தாலுகா அலுவலகத்தில் வருடாவருடம் நடக்கும் ஜமாபந்தி இல்லை. யார் பெயரில் எவ்வளவு நிலம், யார் உழுகிறார் என்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தி எழுதும் உரிமைப் பதிவேடு. அந்தப் பக்கம் விட்டுவந்த நிலம் இந்தப் பக்கம் முஸ்லிம்கள் விட்டுப்போனதைவிட அதிகம், தரமும் மேல். ஆகவே விளைச்சலை வைத்து "நிலையான ஏக்கர்" என்று ஓர் அளவு வைத்துப் படிப்படியாகக் கழித்தார்கள். முதல் பத்து ஏக்கரில் 25 விழுக்காடு கழிவு, பத்துக்கு மேல் முப்பது வரை 30 விழுக்காடு, மிகப் பெரிய நிலக்கிழார்களுக்கு 95 விழுக்காடு வரை. முப்பது நிலையான ஏக்கர் விட்டுவந்தவருக்கு 21.5 கிடைத்தது. வீட்டில் "முப்பது ஏக்கர் இருந்தது" என்று சொல்லி, தாளில் 21.5 என்று இருந்தால் அது வேறு குடும்பத்தின் தாள் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

கால்வாய்க் குடியேறிகளை முடிந்தவரை அவர்களுடைய பழைய மாவட்டத்துக்கே அனுப்பினார்கள். அதனால் சில குடும்பங்களுக்கு மூல ஊரும் ஒதுக்கீட்டு ஊரும் அருகருகே இருக்கும். ஷேக்பூரா, குஜ்ரான்வாலாவிலிருந்து வந்தவர்களில் பலர் கர்னால் பக்கம் போனார்கள், அது இன்று ஹரியானா. "எங்கள் ஊர் கர்னால்" என்று யாராவது சொன்னால் அது மூன்றாவது ஊராகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

கடைக்காரர், வட்டித் தொழில்காரர், அரசு ஊழியர் குடும்பமென்றால் இந்த நிலப் பதிவு எதுவும் பேசாது. அவர்கள் 1950-ஆம் ஆண்டுக் கோரிக்கைச் சட்டம், 1954-ஆம் ஆண்டு இழப்பீடு மற்றும் மறுவாழ்வுச் சட்டம் இவற்றின் கீழ் வீடு, கடைக்குக் கோரிக்கை போட்டிருப்பார்கள். 1950களிலேயே சென்னைக்கு வந்த குடும்பம் என்பதால் இந்த வகையாகவும் இருக்கலாம். அந்தக் கோரிக்கைத் தாளில் விட்டுவந்த சொத்தின் தெரு, நகரம், மாவட்டம் வரை எழுதியிருக்கும்.

ஆகவே முதல் வேலை வீட்டுப் பெட்டியைத் திறப்பது. கோரிக்கைத் தாள், அகதிப் பதிவுச் சீட்டு, லாகூர்ப் பஞ்சாப் பல்கலைக்கழக மெட்ரிக் சான்றிதழ், பழைய பாஸ்போர்ட், ராணுவ விடுவிப்புப் புத்தகம், எது இருந்தாலும் முன்பின் இரு பக்கமும் படம் எடுங்கள். தாள் உருதுவில் இருந்தால் திகைக்க வேண்டாம். பஞ்சாபில் 1850களிலிருந்தே கீழ்மட்ட நீதிமன்றமும் வருவாய்த் துறையும் உருதுவில்தான் நடந்தன. சீக்கியரும் இந்துவும் படித்ததும் கையெழுத்துப் போட்டதும் அதில்தான். அச்சிட்ட உருதுவைத் திருவல்லிக்கேணியில் படித்துச் சொல்ல ஆள் கிடைப்பார்கள். பட்வாரி கையெழுத்து வேறு கதை. பட்வாரி என்பவர் நம் கிராம நிர்வாக அலுவலர் போல. அவர் எழுதியது புள்ளிகளை விட்டு, எழுத்துகளைக் கோத்து ஓடும் ஷிகஸ்தா. அதற்குப் பஞ்சாபில் ஓய்வுபெற்ற பட்வாரியையோ அவருக்கு மேலதிகாரியான கானூங்கோவையோதான் பிடிக்க வேண்டும்.

அடுத்து பெரியவர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம் பேசுங்கள். அரசு ஆவணங்கள் பெண்களை எழுதவில்லை, ஆனால் பெண்களுக்குத்தான் மூன்று வீட்டு ஊரும் தெரியும்: பிறந்த வீடான பேக்கே, தாய்மாமன் வீடான நான்கே, புகுந்த வீடான சௌரே. "தாத்தா ஊர் எது?" என்று கேட்டால் "லயல்பூர்" என்ற பதிலோடு முடிந்துவிடும். "தாத்தாவின் அம்மா எந்த ஊர்ப் பெண்? ரயில் ஏறுவது எந்த ஸ்டேஷன்? காவல் நிலையம் எது? எந்த வாய்க்கால் தண்ணீர்? அறுவடை விற்க எந்த மண்டி?" என்று கேளுங்கள். ஸ்டேஷன் பெயர் ஒன்று கிடைத்தால் வட்டம் கிடைத்துவிடும். 1947-இல் எந்தப் பாதையில் வந்தார்கள் என்பதும் உதவும். லயல்பூர்ப் பக்கத்து நடைக் கூட்டங்களுக்கு ராவியைக் கடக்கும் முக்கிய இடம் பல்லோகி தலைமதகு.

அவர்கள் பேசும்போது பதிவு செய்யுங்கள், பேச்சே ஒரு தடயம். "செய்வேன்" என்பதற்கு நடு, கிழக்குப் பஞ்சாபின் வட்டாரப் பேச்சுகளான மாஜி, தோஆபி, மால்வாயியில் "கராங்கா" என்பார்கள். மேற்கே பொட்டோஹாரி, முல்தானி பக்கம் "கர்சாங்" என்று எதிர்காலத்தில் ஒரு ஸகரம் வரும். பெயரோடு "உடைய" என்ற பொருளில் வரும் உருபு லாகூர், அமிர்தசரஸ் பக்கம் "தா, தீ". ராவல்பிண்டி மேட்டுநிலத்தில் "நா, நீ". "உங்களுடைய" என்பது மாஜியில் "துஹாடா", சட்லெஜுக்குத் தெற்கே மால்வாவில் "தோடா", அம்பாலா, ரோபர் பக்கத்துப் புவாதியில் "தாரா". "உள்ளே" என்ற பொருளில் "விச்" என்பதை "பிச்" என்று சொன்னால் தோஆபாவை, அதாவது பியாஸுக்கும் சட்லெஜுக்கும் நடுவேயுள்ள ஜலந்தர், ஹோஷியார்பூர்ப் பக்கத்தை நினைக்கலாம். லயல்பூரில் பிறந்த பாட்டி "பிச்" என்கிறார் என்றால் மூல ஊர் தோஆபா என்று தேடலாம். ஆனால் பாட்டி தன் பிறந்த வீட்டுப் பேச்சையும் பேசக்கூடும், ஆகவே இரண்டு மூன்று பேரைக் கேட்ட பிறகே முடிவு கட்டுங்கள்.

மூல ஊரின் பெயர் கிடைத்துவிட்டது என்று வையுங்கள். பெயர் மட்டும் போதாது. ஒரே பெயரில் பல ஊர் உண்டு. கலான், குர்த் என்று பெரியது, சின்னது என இரண்டு பக்கத்திலேயே இருக்கும். பஞ்சாப் வருவாய்த் துறையில் ஒவ்வொரு கிராமத்துக்கும் வட்டத்துக்குள் ஓர் ஹத்பஸ்த் எண் உண்டு. ஊர், வட்டம், மாவட்டம், ஹத்பஸ்த் எண் நான்கும் சேர்ந்தால்தான் ஊர் உறுதி. மாவட்ட எல்லைகள் பலமுறை மாறியிருக்கின்றன. கட்கர் கலான் தாத்தா காலத்தில் ஜலந்தர் மாவட்டம், இன்று ஷஹீத் பகத் சிங் நகர் மாவட்டம். பழைய தாளில் உள்ள மாவட்டத்தையும் இன்றைய மாவட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நிலக்காரர் குடும்பமென்றால் இங்கே கேட்க வேண்டியது ஷஜ்ரா நஸப், பேச்சுவழக்கில் குர்சிநாமா. ஒவ்வொரு நிலவரி நிர்ணயத்தின்போதும், ஊரை அல்லது ஊரின் உட்பிரிவான பட்டியை நிறுவியவரிலிருந்து தொடங்கி நில உரிமையாளர்களின் ஆண்வழி வம்சத்தைக் கிளைகிளையாக எழுதியிருப்பார்கள். பல ஊர்களுக்கு 1850களிலிருந்து இருக்கும். மாவட்டத் தலைநகரின் ஆவண அறையில் நகலுக்கு விண்ணப்பிக்கலாம். இணையத்திலும், நிலப்பதிவு நகல் தரும் பர்த் மையத்திலும் கிடைக்கும் நிலப்பதிவு சமீபத்திய ஜமாபந்திதான், வம்சத்தை அதில் தேடாதீர்கள். ஷஜ்ராவைப் படிக்கும்போது மூன்று விஷயம் கவனம். மகள்கள் இருக்க மாட்டார்கள், விதவைகள் மட்டும் நிலம் அவர்கள் பெயரில் நின்ற இடத்தில் வருவார்கள். "லா-வலத்" என்று எழுதியிருந்தால் வாரிசில்லாமல் முடிந்த கிளை. மேலே போகப்போகப் பெயர்களில் சிங் இல்லாமல் போகலாம், அது குடும்பம் சீக்கியத்துக்கு வந்த தலைமுறையைக் காட்டலாம், அல்லது எழுதியவர் சிங்கை விட்டுவிட்டிருக்கலாம்.

நிலமில்லாதவர்களுக்கு இந்த ஏட்டில் இடமே இல்லை. 1900-ஆம் ஆண்டு நில மாற்றச் சட்டம் "விவசாயக் குலங்கள்" என்று ஒரு பட்டியல் போட்டு மற்றவர்கள் அவர்களிடமிருந்து நிலம் வாங்கவே தடை வைத்தது. ஒடுக்கப்பட்ட சமூகங்களான மஜபி, ராம்தாசியா, மற்றும் தச்சர், கொல்லர் குடும்பங்களின் வரலாறு வருவாய் ஏட்டில் மங்கலாக இருப்பதற்கு அவர்கள் நினைவு குறைவு காரணமில்லை. அரசு அவர்களை எழுதத் தேவையில்லை என்று நினைத்தது. இது இன்றும் வலிக்கும் அநீதி. அவர்களுக்கு ராணுவப் பதிவும் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடும் கிராமக் காவலரான சௌக்கிதார் வைத்த பிறப்பு இறப்புப் பதிவும்தான் பிடிமானம். எல்லாச் சமூகத்துக்கும் உதவக்கூடிய ஒன்று, முதல் உலகப்போரில் பஞ்சாபிலிருந்து போனவர்களை ஊர் ஊராக எழுதிய பதிவேடுகள். லாகூர் அருங்காட்சியகத்தில் இருந்தவை, சுமார் 3,20,000 பேர். தந்தை பெயர், குலம், படைப்பிரிவு எல்லாம் வரும். 2021-இல் இணையத்தில் ஏறத் தொடங்கின. முதலில் வந்தவை ஜலந்தர், லூதியானா, சியால்கோட் மாவட்டங்கள்.

இன்னொரு வழி ஹரித்வார். அங்கே பண்டாக்கள் எனப்படும் தீர்த்தப் புரோகிதர்கள் வைத்திருக்கும் பஹி என்ற நீண்ட கணக்கேடுகளில், அஸ்தி கரைக்கவோ நீராடவோ வந்த குடும்பங்கள் தங்கள் பெயர், மகன்கள் பெயர், வந்த தேதி எல்லாம் எழுதிப் போயிருக்கின்றன. சீக்கியக் குடும்பங்களும் உண்டு. பண்டாக்கள் பழைய மாவட்டம், ஊர், குலம் என்று பிரித்து வைத்திருப்பார்கள். "லயல்பூர், சிங்" என்று போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மூல ஊரையும் கோத்தையும் சொல்லி, அந்தப் பகுதியின் பண்டா யார் என்று விசாரித்துப் போங்கள். தட்சிணை கொடுப்பது வழக்கம். ஹரியானாவின் பெஹோவாவிலும் இப்படிப்பட்ட ஏடுகள் உண்டு. பஹியில் தேதி விக்கிரம ஆண்டில் இருக்கும். சித்திரை முதல் மார்கழி நடு வரை 57-ஐக் கழியுங்கள், ஆங்கில வருடம் மாறிய பிறகு 56. விக்கிரம 2004 ஆவணி என்றால் 1947. சீக்கியக் குடும்பத்தின் வரிகள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு நின்றுவிட்டால் குடும்பம் அழிந்தது என்று பொருள் கொள்ள வேண்டாம். சீக்கியச் சீர்திருத்த இயக்கமான சிங் சபைக்குப் பிறகு பல சீக்கியர்கள் ஹரித்வாரை விட்டுச் சட்லெஜ் கரைக் கீரத்பூர் சாஹிபுக்கு அஸ்தி கொண்டுபோகத் தொடங்கினார்கள். வம்சாவளியை மனப்பாடமாகச் சொல்லிவந்த மிராசிகள் முஸ்லிம்கள். 1947-இல் அவர்களும் எல்லை தாண்டிப் போய்விட்டார்கள். கிழக்குப் பஞ்சாபில் வாய்வழி வரலாறு அறுந்ததற்கு அது ஒரு பெரிய காரணம்.

பழைய தாளில் "தாய்மொழி: இந்தி" என்று இருந்தால் குழம்ப வேண்டாம். பஞ்சாபி மாநிலக் கோரிக்கை எழுந்தபோது, பஞ்சாபியே வீட்டு மொழியாக இருந்த லட்சக்கணக்கான இந்துக்கள் கணக்கெடுப்பில் இந்தி என்று சொன்னார்கள். தகராறு முற்றி, 1951 கணக்கெடுப்பில் பஞ்சாபில் இந்தி, பஞ்சாபி, உருது, பஹாடி நான்கையும் தனித்தனியாகப் பிரிக்காமல் ஒன்றாகவே போட்டார்கள். 1966 நவம்பர் 1-இல் மாநிலம் பிரிந்தபோது மொழியும் மதமும் அரசியல் கணக்கில் ஒட்டிக்கொண்டன. பாகிஸ்தான் பக்கம் பள்ளியில் உருது ஏறியது, பஞ்சாபி வீட்டோடு நின்றது. ஆக அந்தக் காலத்துப் படிவத்தில் மொழிக் கட்டம் பெரும்பாலும் அரசியல் நிலைப்பாட்டைத்தான் சொல்லும்.

வெளிநாட்டிலும் இந்தச் சிக்கல் தொடர்கிறது. தலைப்பாகை கட்டிய மாணவனைச் சேர்க்க மறுத்த பள்ளி மீதான மண்ட்லா வழக்கில், 1983-இல் அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை சீக்கியர்களை இனக்குழு என்று ஏற்றது. நீண்ட பொது வரலாறும் தனிப் பண்பாடும் கட்டாயம், பொது மொழியும் பொது மூதாதையரும் இருந்தால் கூடுதல் சான்று என்றது தீர்ப்பு. அந்தச் சட்டப் பாதுகாப்பு தேவைப்பட்டதால் கிடைத்த வரையறை அது. மதத்தின் வரையறை இல்லை. இரண்டையும் கலந்தால் "தமிழ்த் தாய்க்குப் பிறந்த பெண் பாதிச் சீக்கியர்" மாதிரியான பொருளற்ற பேச்சு வரும்.

டி.என்.ஏ. சோதனைக்கு வருகிறேன். ஊரைச் சொல்லாது, கோத்தைச் சொல்லாது, மதத்தைச் சொல்லவே சொல்லாது. "வட இந்தியா, பஞ்சாப்" என்று வரும் விழுக்காடு அந்த நிறுவனம் ஒப்பிட வைத்திருக்கும் மாதிரிகளைப் பொறுத்தது. மாதிரி மாறினால் உங்கள் விழுக்காடும் மாறும். எடுத்தே தீர வேண்டுமென்றால் மகளுக்கு எடுக்காதீர்கள், அவளிடம் அப்பா வழி பாதிதான் இருக்கும். குடும்பத்தின் மிக மூத்தவருக்கு எடுங்கள். தந்தைவழிக் கோடு வேண்டுமென்றால் ஒய் குரோமோசோம் சோதனை கணவருக்கோ மாமனாருக்கோ. உறவினர் பட்டியலில் "மூன்றாம் நிலை உறவு" என்று காட்டுவதை அப்படியே நம்ப முடியாது. சமூகத்துக்குள்ளேயே தலைமுறைகளாகத் திருமணம் நடந்த குழுக்களில் தூரத்து உறவும் நெருக்கமாகத் தெரியும். கனடா, பிரிட்டனில் இருக்கும் ஒரு கிளையைக் கண்டுபிடிக்க அந்தப் பட்டியல் சில சமயம் உதவும், அதுதான் உண்மையான பயன். ஜாட்டுகள், பழங்கால மத்திய ஆசிய நாடோடிகளான சகர்களின் நேர் வாரிசு என்று இணையத்தில் உலவும் கதைக்கு இந்தச் சோதனை சான்று ஆகாது. மத்திய ஆசியப் புல்வெளி மேய்ப்பர்களின் மரபணுக் கலப்பு சகர்களுக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் முன்னால், கி.மு. இரண்டாம் ஆயிரத்தில் வந்தது. வட இந்தியாவின் பல சமூகங்களில் வெவ்வேறு அளவில் இருக்கிறது.

மகளுக்குப் பஞ்சாபி கற்றுத்தர நினைத்தால் குர்முகியில் அடிப்படை எழுத்து 35, கீழ்ப்புள்ளி சேர்த்தவையோடு 41. குரு அங்கத் காலத்தில் ஒழுங்கான வரிவடிவம். தமிழ்க் குழந்தைக்கு இதில் கூடுதல் வசதி உண்டு. பஞ்சாபியில் ணகரமும் ளகரமும் உயிரோடு இருக்கின்றன. இந்திக்காரர் "பானி" என்னும் தண்ணீரைப் பஞ்சாபியர் "பாணி" என்பார்கள். இந்தியில் நீண்டுபோன "சாத்" (ஏழு), "ஹாத்" (கை) எல்லாம் பஞ்சாபியில் இரட்டித்து "சத்த்", "ஹத்த்" என்று வரும். அந்த இரட்டிப்புக்கு அத்தக் என்ற குறி. கஷ்டம் ஒன்றே ஒன்று, சுரம், அதாவது சொல்லில் குரல் ஏறி இறங்கும் விதம். "கர்" என்னும் வீட்டை எழுத்தில் மூச்சோடு கூடிய ககரத்தால் எழுதுவார்கள், பேச்சில் மூச்சு போய் வல்லினக் ககரமும் தாழ்ந்தெழும் குரலும் வரும். இந்தி வழியாகக் கற்றவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்வார்கள். எழுத்தைப் பார்த்து உச்சரிக்க விடாதீர்கள். பாட்டி சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லட்டும், எழுத்து பிறகு. தி.நகர் ஜி.என். செட்டி சாலை குருத்வாராவில் கீர்த்தனம் கேட்கக் கூட்டிப்போங்கள். ஆனால் 1430 பக்க குரு கிரந்த் சாஹிபின் மொழி இன்றைய பஞ்சாபி இல்லை. நாம்தேவ், கபீர், ஃபரீத் வாக்குகளோடு பல வட்டாரங்களின் பழைய மொழி அதில் கலந்திருக்கிறது. புரியவில்லை என்று மகள் சொன்னால் அவள் பஞ்சாபி போதவில்லை என்று பொருளில்லை.

பாகிஸ்தான் பக்கத்துத் தேடலைக் கடைசிக்கு வையுங்கள். சீக்கிய யாத்ரீகர்களுக்கான கர்தார்பூர் எல்லை வழி அங்குள்ள குருத்வாராவுக்கு மட்டும்தான், அதில் போய் பைசலாபாதைப் பார்க்க முடியாது. உறவு கெடும்போதெல்லாம் அதுவும் அடைபடும். அங்கே கணினியில் ஏறிய நிலப்பதிவு இன்றைய உரிமையாளரைக் காட்டும், 1947-க்கு முந்தையது மாவட்ட ஆவண அறையில் இருக்கும். டோபா டேக் சிங் இன்று தனி மாவட்டம், அன்று லயல்பூரின் வட்டம். எந்த அறைக்கு விண்ணப்பிப்பது என்பது அதைப் பொறுத்தது. சக் எண், கால்வாய் எழுத்து, அன்றைய வட்டம், நில உரிமையாளராக இருந்த மூத்தவரின் பெயரும் அவருடைய தந்தை பெயரும் உருது எழுத்தில் தயாராக இருக்கட்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் தேடித் தர அங்கே ஆள் கிடைக்க மாட்டார்கள்.